கஷாயம் என்று தேடவும்

செக்கிங் மேசையில் எண்ணெய்க்கறை தேடிக்கொண்டே
மைக்கை அழுத்தி நான் சொன்னது கச்சாயம்.
போன் எழுதியது கஷாயம்.
ஒறம்பற பத்துப் பேர் என்றதற்கு
ஒருமுறை பத்துப் பேர் என்று போட்டிருந்தது.
திருத்தவில்லை.

மூன்று வருசமாக எங்கள் தீவாளி நோம்பி
இந்தக் குறிப்புச் செயலிக்குள் இருக்கிறது.
மேலே பலகாரம், நடுவில் சாமான், கீழே துணிமணி.
வாங்கிவிட்டுக் கட்டத்தைத் தொட்டால்
அந்த வரி சாம்பலாகி அடிக்குப் போய்விடும்.
ஊத்துக்குளி வெண்ணெய் ரெண்டு கிலோ,
கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூன்று,
கடலெண்ணெய் ஐந்து லிட்டர், செக்கில் ஆட்டினது,
நம்பிக்கையான செக்கில்.
செய்முறை மட்டும் துளசிமணி நங்கையுடையது.
அவிநாசியிலிருந்து குரல்பதிவாக வந்தது,
மூன்று குக்கர் விசிலோடு.
"பதமாப் பாத்துக்க அம்மிணி" என்று முடியும்.
கேட்டுக் கேட்டு எல்லாம் எழுதினேன்,
பதத்தை எப்படி எழுதுவது?
எங்கள் கம்பெனியில் மார்பளவுக்குக்கூட
அரை இஞ்ச் முன்னப்பின்ன விடுவார்கள்.

சென்னியப்பனுக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி சிப்ட்.
அவர் இறங்குகிற பஸ்ஸில் நான் ஏறுவேன்.
வாரநாளில் நாங்கள் சந்திப்பது
பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான்.

போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டு கிடப்பதை
அவர் சொல்லவில்லை.
காலையில் வெண்ணெய் ஒரு கிலோ ஆகியிருந்தது.
நான் முந்திரியை எடுத்தேன்.
மறுநாள் எண்ணெய் மூன்று லிட்டர்.
என் சேலைக்கு நேராகப் 'பார்க்கலாம்' என்று எழுதினேன்.
மகளின் சுடிதாரில் மட்டும்
ரெண்டு பேரும் கைவைக்கவில்லை.

பழைய பதிப்பு என்றொரு பொத்தான்.
சோத்து நேரத்தில் அழுத்திப் பார்த்தேன்.
அதிகாலை மூன்று பத்து: சட்டை 42, நீக்கப்பட்டது.
தொட்டி ஓரம் நின்று
நீலம் ஏறிய பெருவிரலால் தொட்டிருப்பார்.

சேர்த்தேன்.
நீக்கினார்.
மறுபடி சேர்த்தேன்.
'போன வருசத்துது இருக்குதல்ல' என்று பக்கத்தில் எழுதி
அப்புறம் அதையும் சேர்த்தே நீக்கிவிட்டார்.

ஆடி பிறந்ததிலிருந்து என் கையில் ஓடியது
கலைமான் போட்ட சிவப்பு பனியன்,
எங்கேயோ பனி பெய்கிற ஊரின் நோம்பிக்கு.
நாற்பத்திரண்டு சைஸ் மட்டும் நாலாயிரம் பீஸ்.
ஒன்றில் கழுத்துத் தையல் ஏறி இறங்கியிருந்தது.
கலைமானோடு அவர் கோயிலுக்கு நடந்து வருவதை
ஒரு நிமிசம் நினைத்துப் பார்த்துவிட்டு
ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன்.

அன்று ராத்திரி செய்முறைக்குள் போனேன்.
அந்தப் பக்கம் அவர் விரல் வருவதில்லை.
சர்க்கரைக்கும் ஏலக்காய்க்கும் நடுவில்
கட்டமில்லாமல் ஒரு வரி வைத்தேன்.
சனிக்கிழமைச் சம்பளத்தில் காதர்பேட்டையில் வாங்கி
அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினேன்.

நோம்பிக்கு முந்தின நாள் போனஸ் வந்தது,
பாதி.
என் ரெண்டு கையும் மாவில்.
"ஏனுங், போனப் பாத்துச் சித்தெ படிங்.
கஷாயம்னு தேடுங்."
சளிக்கு எழுதின மிளகுக் கஷாயம் முதலில் வந்தது.
அதை ரெண்டு வரி படித்துவிட்டு நிறுத்தினார்.
அப்புறம் இது.

"பச்சரிசி நாலு மணி நேரம் ஊறோணும்.
ஈரத்தோட அரைக்கோணும்.
சர்க்கரை முக்காக் கிலோ.
சட்டை நாப்பத்திரண்டு, ஒன்னு.
ஏலக்கா..."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
முதல் கரண்டியை ஊற்றினேன்.
அடியிலேயே கிடந்தது, கிடந்தது,
பின்பு தானாக உப்பி மேலே வந்தது.

"இதுல பதம்னு எங்கயுமே போடலியே" என்றார்,
திரையிலிருந்து தலையை எடுக்காமல்,
அந்த ஒரு வரியை
மேலும் கீழும் தள்ளிக்கொண்டு.